தீவுக்குத் தீவு எவ்வளவு தூரம்?

 

முதலில் ஒரு கேள்வி. போர்ட் பிளேரிலிருந்து காம்ப்பெல் பே எவ்வளவு தூரம்?

இதைக் கப்பலில் போய் வந்தவரிடம் கேளுங்கள். "இரண்டு நாள்" என்பார். நடுவில் நிறைய தீவுகளில் நின்று போயிருந்தால் "மூன்று நாள்" என்றுகூடச் சொல்வார். விமானம் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். "ஒன்றரை மணி நேரம்" என்பார். பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேளுங்கள். படத்தை விரித்து, அளவுகோலை வைத்து, "530 கிலோமீட்டர்" என்பார்.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்றும் சரியான விடைதான். ஒரே தூரத்துக்கு எப்படி மூன்று விடை வந்தது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

தொடங்கும் முன் ஒரு சிறு விஷயம். போர்ட் பிளேர் நகரத்தின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றப்பட்டது. பலகையில் புதுப் பெயர் இருக்கும். பேச்சில் பழைய பெயரும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊர்தான். இங்கே பழக்கமான பெயரையே சொல்லலாம்.

அந்தமான் நிக்கோபார் படத்தைச் சுவரில் பார்த்திருப்பீர்கள். அறுந்து விழுந்த பாசிமணி மாலை போல, மேலிருந்து கீழாகத் தீவுகள் சிதறிக் கிடக்கும். மேலே வடக்கு. அங்கே டிக்லிபூர். நடுவில் ரங்கத், மாயாபந்தர். அதற்குக் கீழே போர்ட் பிளேர். இன்னும் கீழே லிட்டில் அந்தமான். அதோடு அந்தமான் முடிகிறது. பிறகு வெறும் கடல். சுமார் 150 கிலோமீட்டர் அகலத்துக்குக் கரையே கிடையாது. இதற்குப் பத்து டிகிரி கால்வாய் என்று பெயர். அதைத் தாண்டினால் கார் நிக்கோபார். அங்கிருந்து நிக்கோபார் தீவுகள் தொடங்குகின்றன. சௌரா, தெரசா, கட்ச்சால், நான்கௌரி, கமோர்ட்டா என்று வரிசையாக வந்து, கடைசியில் கிரேட் நிக்கோபார். அந்தக் கடைசித் தீவில் உள்ள ஊர்தான் காம்ப்பெல் பே. 1969 முதல் ஓய்வு பெற்ற ராணுவத்தினர் குடும்பங்களை அரசாங்கம் அங்கே குடியேற்றியது. காட்டை வெட்டித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். அந்தத் தீவின் தென்கோடியிலிருந்து இந்தோனேசியா நாட்டின் சுமத்திரா தீவுக்கு 200 கிலோமீட்டர்கூட இல்லை. போர்ட் பிளேரைவிட வெளிநாடு பக்கம்!

"பத்து டிகிரி" என்றால் என்ன? அது சூடு அல்ல. காய்ச்சல் பார்க்கிற டிகிரியும் அல்ல. உலகப் படத்தில் குறுக்கே கோடுகள் போட்டிருப்பார்கள். பூமியின் இடுப்பில் பெல்ட் கட்டியது போல ஒரு கோடு இருக்கும். அதற்கு 0 என்று எண். அங்கிருந்து வடக்கே போகப் போக 1, 2, 3 என்று எண் கூடும். போர்ட் பிளேர் 11-க்கும் 12-க்கும் நடுவில் இருக்கிறது. துல்லியமாகச் சொன்னால் 11.6. கார் நிக்கோபார் விமானத் தளம் 9.1. காம்ப்பெல் பே 7.0. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவே 10 என்ற கோடு போகிறது. அதனால்தான் அந்தப் பெயர்.

இந்தக் கோடுகளில் ஒரு வசதி உண்டு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எப்போதும் சுமார் 111 கிலோமீட்டர். இது தெரிந்தால் போதும். டேப் பிடித்துக் கடலை அளக்க வேண்டாம். பென்சில் இருந்தால் அளந்துவிடலாம்.

போட்டுப் பாருங்கள். போர்ட் பிளேர் 11.6. கார் நிக்கோபார் 9.1. கழித்தால் 2.5. அதாவது இரண்டரைக் கோடு. இரண்டரையை 111 ஆல் பெருக்குங்கள். 277 வருகிறது. விமானிகளின் கணக்கிலும் ஏறக்குறைய 275 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் நேர்கோட்டில் 260 கிலோமீட்டர். அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் நாகப்பட்டினம் போகும் வழியில் பாண்டிச்சேரியில் இறங்கி டீ குடிக்கலாம். இங்கே வழியெல்லாம் தண்ணீர்.

காம்ப்பெல் பேக்கும் இதே கணக்குதான். 11.6-இல் 7.0 போனால் 4.6. அதை 111 ஆல் பெருக்கினால் 510 சொச்சம். ஆனால் காம்ப்பெல் பே போர்ட் பிளேருக்கு நேர் கீழே இல்லை. கொஞ்சம் கிழக்கே தள்ளி, சுமார் 130 கிலோமீட்டர் ஒதுங்கி இருக்கிறது. சுவரில் ஏணியைச் சாய்த்து வைத்தால் ஏணியின் நீளம் சுவரின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் அல்லவா? அதுபோல இங்கேயும் கோடு சாய்ந்து போகிறது. அதனால் 510 என்பது 530 ஆகிறது.

இது விமானம் போகும் நேர்கோட்டுத் தூரம். காக்கை பறக்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் அப்படிப் போவதில்லை. கார் நிக்கோபாரில் ஆள் இறக்க வேண்டும். கட்ச்சாலில் அரிசி மூட்டை இறக்க வேண்டும். கமோர்ட்டாவில் ஆள் ஏற்ற வேண்டும். வளைந்து வளைந்து போகிறது. அதனால் கப்பலுக்குத் தூரமும் கூடுகிறது. தூரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம் கூடுகிறது.

கப்பல்காரர்களும் விமானக்காரர்களும் கிலோமீட்டரில் பேசுவதில்லை. "மைல்" என்பார்கள். அது ரோட்டு மைல் அல்ல, கடல் மைல். ஒரு கடல் மைல் 1852 மீட்டர். கிட்டத்தட்ட 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரோட்டு மைல் 1609 மீட்டர்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்குத் தப்பும். கடல் மைலுக்கு ஏன் இந்த விசித்திரமான அளவு? முன்பு சொன்ன கோடுகளில்தான் விடை இருக்கிறது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை 60 பங்கு போட்டார்கள். ஒரு பங்கு ஒரு கடல் மைல். அவ்வளவுதான்.

வேகத்துக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை "நாட்". "நாட்" என்றால் முடிச்சு. பழைய காலத்துக் கப்பலில் வேகம் காட்டும் கடிகாரம் கிடையாது. ஒரு நீளக் கயிற்றில் சம இடைவெளி விட்டு முடிச்சுப் போடுவார்கள். கயிற்றின் நுனியில் ஒரு மரப்பலகையைக் கட்டிக் கடலில் போடுவார்கள். பலகை தண்ணீரில் அப்படியே நிற்கும். கப்பல் முன்னே போகும். கயிறு கை வழியாக ஓடும். பக்கத்தில் ஒருவர் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்திருப்பார். மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியது என்று எண்ணுவார்கள். 8 முடிச்சு போனால் வேகம் 8 நாட். அதாவது மணிக்கு 8 கடல் மைல். எழுதப் படிக்கத் தெரியாத மாலுமிகள்கூட இந்த முடிச்சை எண்ணித்தான் உலகத்தைச் சுற்றினார்கள். இன்று வானத்தில் பறக்கும் விமானத்துக்கும் அதே முடிச்சுக் கணக்குதான்.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். இது சைக்கிளுக்கும் பொருந்தும், விமானத்துக்கும் பொருந்தும்.

கப்பல் 12 நாட் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 22 கிலோமீட்டர். கார் நிக்கோபார் 275 கிலோமீட்டர். 22 ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மணி நேரம். மாலை ஏறினால் மறுநாள் காலை. காம்ப்பெல் பே 530 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போனாலே 24 மணி நேரம். நின்று நின்று போனால்தான் இரண்டு நாள், மூன்று நாள்.

ஹெலிகாப்டரின் வேகத்தை மணிக்கு 240 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு மணிக்கு 60 நிமிடம். 240-ஐ 60 ஆல் வகுத்தால் 4. அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 4 கிலோமீட்டர். கார் நிக்கோபாருக்கு 275-ஐ 4 ஆல் வகுத்தால் 69 நிமிடம். ஒரு மணி ஒன்பது நிமிடம். காம்ப்பெல் பேக்கு 530-ஐ 4 ஆல் வகுத்தால் 132 நிமிடம். இரண்டே கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு.

டோர்னியர் என்ற சின்ன விமானம் இருக்கிறது. இரண்டு விசிறி வைத்தது. அதன் வேகத்தை நிமிடத்துக்கு 6 கிலோமீட்டர் என்று போடலாம். கார் நிக்கோபாருக்கு 46 நிமிடம். காம்ப்பெல் பேக்கு 88 நிமிடம். முதலில் விமானி சொன்ன ஒன்றரை மணி நேரம் இதுதான்.

சென்னையிலிருந்து வரும் பெரிய ஜெட் விமானம் நிமிடத்துக்கு 13 கிலோமீட்டர் போகும். அது போனால் காம்ப்பெல் பே 41 நிமிடம்தான்! ஆனால் அது அங்கே போக முடியாது. ஏன்? இறங்க இடம் இல்லை. பெரிய விமானம் ஓடி நிற்பதற்கு நீண்ட பாதை வேண்டும். போர்ட் பிளேர் ஓடுபாதை 3 கிலோமீட்டருக்கு மேல். காம்ப்பெல் பே ஓடுபாதை 1 கிலோமீட்டர் சொச்சம். அது கடற்படையின் தளம். 2012 ஜூலை 31-இல் திறக்கப்பட்டது. "பாஸ்" என்று பெயர். இந்தியில் பாஸ் என்றால் ராஜாளிப் பறவை. பெயர் பெரியது, பாதை சின்னது. அந்தச் சின்னப் பாதைக்கு ஏற்ற விமானம்தான் அங்கே இறங்கும். கிரேட் நிக்கோபாரில் பெரிய துறைமுகமும் பெரிய விமான நிலையமும் கட்டும் திட்டத்துக்கு 2022-இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி தந்தது. காடு போய்விடும், அங்கே வாழும் சோம்பென், நிக்கோபாரி மக்களின் நிலம் போய்விடும் என்று எதிர்ப்பும் வழக்கும் இருக்கின்றன. அது தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

ஆகவே வேகத்தை ஓடுபாதையும் தீர்மானிக்கிறது. கார் நிக்கோபாரின் கதை இதற்கு நல்ல சாட்சி. இரண்டாம் உலகப் போரில், 1942 முதல் 1945 வரை, இந்தத் தீவுகளை ஜப்பானியர் பிடித்து வைத்திருந்தார்கள். அப்போதுதான் கார் நிக்கோபாரில் விமானம் இறங்கப் பாதை போட்டார்கள். நிக்கோபாரி மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார்கள். அடியும் பட்டினியும் கூலி. பிறகு அது இந்திய விமானப்படையின் தளமானது.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்திரா பக்கத்துக் கடலுக்கு அடியில் பூமி குலுங்கியது. கடல் எழுந்தது. ஆழ்கடலில் சுனாமி அலை ஜெட் விமானத்தின் வேகத்தில் போகும். சென்னைக் கரையை அது சுமார் இரண்டரை மணி நேரத்தில் தொட்டது. நிக்கோபார் தீவுகளுக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. கார் நிக்கோபார் விமானத் தளத்தின் குடியிருப்புகளைக் கடல் வாரிக்கொண்டு போனது. விமானப்படையினரும் அவர்கள் குடும்பத்தாரும் நூற்றுக்கு மேல் இறந்தார்கள். தீவு மக்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. அங்கே கரையில் நின்ற கலங்கரை விளக்கம் தண்ணீரில் நின்றது.

ஜெட்டிகள் உடைந்து கிடந்தன. கப்பல் வந்தாலும் கட்ட இடம் இல்லை. அந்த நாட்களில் கார் நிக்கோபார் மக்களுக்கு வெளி உலகத்தோடு இருந்த வழி அந்த ஓடுபாதைதான். அதில் உடையாமல் மிஞ்சிய பகுதியில் விமானங்கள் இறங்கின. தண்ணீரும் மருந்தும் வந்தன. காயம் பட்டவர்களும் பிள்ளைகளும் ஏறிப் போனார்கள். கட்டாய வேலையில் பாட்டன்மார் கல் சுமந்து போட்ட இடம், பேரன்மாரின் உயிரைக் காக்க உதவியது.

இனி டிக்கெட்டைக் கையில் எடுப்போம். கணக்குப்படி சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் 1370 கிலோமீட்டர். 13 ஆல் வகுத்தால் 105 நிமிடம். ஒன்றே முக்கால் மணி. ஆனால் டிக்கெட்டில் பார்த்தால் இரண்டு மணிக்கு மேல் போட்டிருக்கும். ஏமாற்று வேலை இல்லை. விமானம் கிளம்பியவுடன் முழு வேகத்தில் போய்விடாது. முதலில் தரையில் ஊர்ந்து போகும். பாதை காலியாகும்வரை காத்திருக்கும். பிறகு மெல்ல ஏறும். இறங்கும்போதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வரும். நின்ற இடத்திலிருந்து சக்கரம் நகர்ந்தது முதல், மறு ஊரில் சக்கரம் நிற்பது வரை உள்ள நேரத்தைத்தான் டிக்கெட்டில் போடுகிறார்கள். பஸ்ஸிலும் அப்படித்தானே? ஸ்டாண்டை விட்டு வெளியே வரவே கால் மணி ஆகிறது.

காற்றும் இருக்கிறது. கார் நிக்கோபாருக்குப் போகிற ஹெலிகாப்டருக்கு எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்று வையுங்கள். 240-இல் 40 போய்விடும். மீதி 200. அப்போது 69 நிமிடப் பயணம் 82 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மேகம் திரண்டு நின்றால் சுற்றிப் போக வேண்டும். சில நாள் போகவே முடியாது.

கடலுக்கு மேலே பறப்பதில் இன்னொரு சங்கடம். நடுவில் இறங்க இடம் இல்லை. ஆகவே போகிற தூரத்துக்கு மட்டும் எண்ணெய் போட்டுக்கொண்டு கிளம்ப முடியாது. போன இடத்தில் மழை கொட்டி இறங்க முடியாவிட்டால் வேறு தீவுக்குப் போகவும் எண்ணெய் வேண்டும். எண்ணெய்க்கும் எடை உண்டு. எண்ணெய் கூடினால் ஆள் குறையும். "ஹெலிகாப்டரில் இடம் காலியாகத்தானே இருக்கிறது, ஏன் ஏற்றவில்லை?" என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. காலியாகத் தெரிகிற அந்த இடத்தின் எடை, எண்ணெயாக டேங்கில் இருக்கலாம். பையை மட்டுமல்ல, ஆளையும் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

டிக்கெட்டில் மணி எழுதும் முறையும் வேறு. ஒரு வீட்டில் இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாமியார் டிக்கெட்டை மருமகளிடம் நீட்டுகிறார்.

"எத்தனை மணிக்குன்னு பாரும்மா."

"13.40-னு போட்டிருக்கு அத்தை."

"பதிமூணு மணியா? நம்ம கடிகாரத்துல பன்னிரண்டுக்கு மேல ஏது?"

"பன்னிரண்டுக்கு அப்புறம் ஒண்ணுன்னு திரும்ப வராம, பதிமூணு, பதினாலுன்னு எண்ணிக்கிட்டே போறாங்க அத்தை. பதிமூணுல பன்னிரண்டைக் கழிச்சா ஒண்ணு. மத்தியானம் ஒண்ணு நாற்பது."

"அப்ப ராத்திரி ஒண்ணு நாற்பதுன்னா?"

"அதுக்கு 01.40-னு முன்னால சைபர் போடுவாங்க."

மருமகள் சொன்னது சரி. மணி 12-ஐத் தாண்டி இருந்தால் 12-ஐக் கழிக்க வேண்டும். இந்த ஒரு கழித்தல் தெரியாமல் விமானத்தை விட்டவர்கள் உண்டு. தேதியை மாற்றிப் புரிந்துகொண்டு ஒருநாள் கழித்துப் போனவர்களும் உண்டு. இரவு 12 மணிக்குத் தேதி மாறிவிடும். 01.40 என்பது நமக்கு "நேற்று ராத்திரி" போலத் தோன்றும். டிக்கெட்டில் அது புதுத் தேதி.

தீவுகளில் சூரியன் கணக்கும் தனி. இந்தியா முழுவதற்கும் ஒரே மணி. அந்த மணியை உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமாகப் போகும் ஒரு கோட்டை வைத்து முடிவு செய்திருக்கிறார்கள். போர்ட் பிளேர் அந்தக் கோட்டிலிருந்து 10 டிகிரி கிழக்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்குச் சூரியன் 4 நிமிடம் எடுத்துக்கொள்ளும். 10 டிகிரிக்கு 40 நிமிடம். அதனால் இங்கே கடிகாரம் 11.20 காட்டும்போதே உச்சி வெயில் வந்துவிடும். ஜூன் மாதம் காலை 5 மணிக்கே சூரியன் எழுந்துவிடும். டிசம்பர் மாதம் மாலை 5 மணிக்கே மறைந்துவிடும். தீவுக்குத் தீவு போகும் ஹெலிகாப்டர் பொதுவாகப் பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். ஆகவே இங்கே மாலை 5 மணி என்பது வெறும் மணி அல்ல. கதவு சாத்தும் நேரம்.

இது உயிர் விஷயம். எப்படி என்று பாருங்கள்.

காம்ப்பெல் பேயில் ஒரு கர்ப்பிணிப் பெண். எட்டாம் மாதம். டிசம்பர். இரவு 2 மணிக்கு ரத்தப்போக்கு தொடங்குகிறது. அங்கே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் இருக்கிறார். ஆனால் பெரிய ஆபரேஷன் என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும். கப்பலில் ஏற்றினால் 24 மணி நேரத்துக்குக் குறையாது. வானம்தான் வழி. தூரம் 530 கிலோமீட்டர்.

"ஹெலிகாப்டரில் இரண்டே கால் மணிதானே?" என்று நினைப்போம். அங்கேதான் கணக்குத் தவறுகிறது. ஹெலிகாப்டர் காம்ப்பெல் பேயில் தயாராக நிற்கவில்லை. அது போர்ட் பிளேரிலிருந்து வர வேண்டும். வந்துதான் திரும்ப வேண்டும். தூரம் 530 அல்ல. 1060 கிலோமீட்டர்!

கூட்டிப் பாருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து, செய்தி போய், அனுமதி வாங்கி, ஹெலிகாப்டர் கிளம்ப 1 மணி நேரம் என்று வையுங்கள். வருவதற்கு இரண்டே கால் மணி. வழியில் இறங்கி எண்ணெய் போட அரை மணி. நோயாளியைப் படுக்கையோடு ஏற்ற அரை மணி. திரும்பிப் போக இரண்டே கால் மணி. மறுபடி எண்ணெய்க்கு அரை மணி. மொத்தம் 7 மணி நேரம்.

மாலை 5 மணிக்கு இருட்டிவிடும். 5-லிருந்து 7 மணி நேரம் பின்னால் எண்ணுங்கள். காலை 10 வருகிறது. காலை 10 மணிக்குள் செய்தி போனால் இருட்டுவதற்குள் அந்தப் பெண் போர்ட் பிளேர் வந்துவிடலாம். 11 மணிக்குப் போனால் ஹெலிகாப்டர் மறுநாள்தான் வரும். ஒரு மணி நேரத் தாமதம் ஒரு முழு இரவாக மாறிவிடும். சின்ன விமானம் கிடைத்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. வர ஒன்றரை, ஏற்ற அரை, திரும்ப ஒன்றரை, தயாராக 1. நான்கரை மணி நேரம். நண்பகலுக்குள் சொன்னாலும் போதும். கடற்படையும் கடலோரக் காவல்படையும் இரவிலும் பறந்து நோயாளிகளைக் கொண்டுவந்தது உண்டு. பெரிய காரியம் அது. ஆனால் அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. மேகம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் கணக்கில் எந்த நேரத்தைக் குறைக்க முடியும்? ஹெலிகாப்டரை வேகமாகப் பறக்கச் சொல்ல முடியாது. தீவைப் பக்கத்தில் இழுத்து வைக்கவும் முடியாது. குறைக்க முடிந்த நேரம் ஒன்றே ஒன்றுதான். இரவு 2 மணியிலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வீட்டில் கழிகிற நேரம்.

"விடியட்டும், பார்ப்போம். இந்த நேரத்துல டாக்டரை எழுப்புறதா?" என்பார் மாமியார்.

"இல்லை அத்தை. இப்பவே போனாத்தான் அவங்க பார்த்துட்டு விடியறதுக்குள்ள செய்தி அனுப்புவாங்க. பொழுது விடிஞ்சு கிளம்பினா, சமைச்சு, சாப்பிட்டு, வண்டி பிடிச்சு, அங்க போகவே பத்து ஆயிடும்."

மாமியார் கெட்டவர் அல்ல. அந்தக் காலத்தில் அவருக்கு ஹெலிகாப்டரும் கிடையாது, அவசரப்படவும் காரணம் கிடையாது. விடிந்த பிறகு போனாலும் அதே கப்பல்தான். இன்று வழி மாறியிருக்கிறது. அதனால் அவசரத்தின் கணக்கும் மாறியிருக்கிறது. பேறுகால நாள் நெருங்குவதற்கு முன்பே கப்பல் டிக்கெட் எடுத்துப் போர்ட் பிளேரில் உறவினர் வீட்டுக்கு வந்து தங்கிவிடும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கணக்கை ஏற்கெனவே மனதில் போட்டவர்கள்.

கடைசியாக, வீட்டில் உட்கார்ந்து போட ஒரு கணக்கு. கட்ச்சால் தீவில் ரப்பர் தோட்டம் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களை அரசாங்கம் அங்கே குடியேற்றியது. சுனாமியில் மிகவும் அடிபட்ட தீவு அது. போர்ட் பிளேரிலிருந்து கட்ச்சால் நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். ஹெலிகாப்டர் நிமிடத்துக்கு 4 கிலோமீட்டர் போகும். எண்ணெய்க்கும் ஆள் ஏற்றவும் தயாராகவும் ஆகும் நேரத்தைக் காம்ப்பெல் பே கணக்கில் போட்டபடியே போடுங்கள். டிசம்பரில் மாலை 5 மணிக்குள் நோயாளி போர்ட் பிளேர் வர வேண்டும். கட்ச்சாலில் இருப்பவர் காலை எத்தனை மணிக்குள் செய்தி சொல்ல வேண்டும்?

விடையை நோட்டில் எழுதி, பக்கத்து வீட்டுக்காரர் போட்ட விடையோடு ஒத்துப் பாருங்கள்.